மூணு ஓட்டை... முப்பது சந்தேகம்!

என்.சி.சி-யில் இருக்கிற ஃப்ரெண்ட்ஸுக்கு இந்தக் காட்சி சட்டென்று கண் முன்னாடி வரும். காலை ஆறரை மணி. மண் மேட்டுக்கு முன்னால் வரிசையாக டார்கெட் பேப்பர். தார்ப்பாயில் குப்புறப் படுத்து, பாயின்ட் டூ டூ ரைஃபிளைத் தோளில் அழுத்தி, மூச்சைப் பிடித்து... டப்! மொத்தமே அஞ்சு ரவுண்டு. சுட்டு முடிச்சதும் ஹவில்தார் சார் ஸ்கேலோடு நடந்துபோய் ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமா விழுந்திருக்குன்னு அளப்பார். அதுக்குப் பேர் 'குரூப்பிங்'. நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்பதெல்லாம் அப்புறம். முதலில் நெருக்கம்.

செகண்ட் இயர் கேம்ப்பில் என்னோட அஞ்சு ஓட்டையும் ஒரு ரெண்டு ரூபாய் காசுக்குள் அடங்கிடுச்சு. 'ஷாபாஷ்!' என்று முதுகில் விழுந்த தட்டில் ரெண்டு நாள் நடையே மாறிப்போச்சு எனக்கு. ஷூட்டிங் டீம் செலக்‌ஷன் லிஸ்ட்டில் என் பேர். பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்ட என் ரூம்மேட்டுக்கு உள்ளங்கை அகலத்துக்குக் குரூப். அவனை டிரில் பக்கம் அனுப்பிட்டாங்க.

மூணாம் நாள் செலக்‌ஷன். அதே ரைஃபிள், அதே தூரம், அதே நான். பேப்பரைப் பார்த்தால், பூந்தி உதிர்ந்து கிடக்கிற மாதிரி ஓட்டைகள்! காத்து அடிச்சது, முழங்கைக்குக் கீழே எறும்பு கடிச்சதுன்னு ராத்திரி டென்ட்டில் நான் அடுக்கிட்டே போக, ரூம்மேட் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: 'டேய், முந்தாநாள் விழுந்தது உன் திறமை... இன்னிக்கு விழுந்தது மட்டும் எறும்போட தப்பா?'

அந்தக் கேள்விதான் என்னை ஊர் திரும்பினதும் காலேஜ் லைப்ரரியில் உட்கார வெச்சுது. தேடிப் போனால், உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு கூட்டமே இதே கேள்வியோடு பல வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கு. அமெரிக்காவில் டார்கெட் ரைஃபிளுக்குத் தங்கள் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கிற 'ஹேண்ட்லோடர்ஸ்' கூட்டம்!

கையால் செஞ்ச தோட்டா

தோட்டா என்பது நாலு பொருள் சேர்ந்த ஒரு செட். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கிற ப்ரைமர், உள்ளே பவுடர், வாயில் செருகின புல்லட். சுட்டதும் புல்லட் பறந்துடும், பவுடர் எரிஞ்சுடும், ப்ரைமர் தீர்ந்துடும். பித்தளைக் கூடு மட்டும் மிச்சம். அந்தக் கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமர் மாட்டி, பவுடர் அளந்து போட்டு, புது புல்லட்டைச் செருகினால் தோட்டா ரெடி. ஆரம்பத்தில் பல பேர் இதில் இறங்குறது காசு மிச்சம் பிடிக்கத்தான். கடைசிவரை உள்ளேயே கிடக்கிறவங்க வேற ரகம். கடையில் வாங்கின தோட்டா எல்லா ரைஃபிளுக்கும் பொதுவாகத் தைத்த ரெடிமேட் சட்டை. இவங்களுக்கு வேண்டியது தன் ஒரு ரைஃபிளுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை.

(ஹாஸ்டல் ரூமில் ட்ரை பண்ணலாமான்னு யோசிக்கிற மகானுபாவர்களுக்கு: நம்ம ஊரில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க லைசென்ஸ் வேணும். லைசென்ஸ் இருக்கிற ஊரிலும் பவுடர் கொஞ்சம் கூடிப்போனால் ரைஃபிளே முகத்துக்கு நேரா வெடிக்கும். ஆசையைக் கட்டுரையோடு நிறுத்திக்குங்க பாஸ்!)

இவங்க வேலை எவ்வளவு நுணுக்கம்னு ஒரே ஒரு அளவைச் சொன்னால் புரியும். பவுடரை 'கிரெய்ன்' என்கிற பழைய அளவில் நிறுக்கிறாங்க. பேரிலேயே தானியம் இருக்கு பாருங்க. ஒரு கிரெய்ன் என்பது 65 மில்லிகிராம். நம்ம ஊர் நகைக்கடைத் தாத்தாக்கள் சொல்ற குன்றிமணி எடையில் பாதி. ஹேண்ட்லோடர் சாதாரணமாக இதிலும் பத்தில் ஒரு பங்கு வரை நிறுப்பார். இன்னும் வெறி பிடிச்சவங்க லேப் தராசு வாங்கி வெச்சுக்கிட்டு, பவுடரை ஒவ்வொரு மணியா இடுக்கியால் எடுத்துப் போடுறாங்க. புல்லட்டை எவ்வளவு ஆழம் செருகணும் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. கூட்டின் கழுத்து எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கணும் என்பதற்குத் தனிக் கணக்கு.

இவ்வளவும் எதுக்கு? தூரம் கூடும்போது சின்ன வித்தியாசம் பெருசாகும். 100 கஜத்தில் புல்லட்டின் வேகம் விநாடிக்கு 10 அடி முன்னே பின்னே ஆனாலும் பேப்பரில் தெரியவே தெரியாது. அதே 10 அடி, 1,000 கஜத்தில் ரெண்டு, மூணு அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிடும். ஆக, எல்லா புல்லட்டும் ஒரே வேகத்தில் கிளம்பணும், ஒரே மாதிரி கிளம்பணும். கணக்கு சரிதான். சிக்கல் இனிமேல்தான்.

ஏணியில் ஏறினால் என்ன தெரியும்?

பவுடர் எவ்வளவு போட்டால் என் ரைஃபிளுக்குப் பிடிக்கும்? இதைக் கண்டுபிடிக்க ஒரு பிரபலமான வழி இருக்கு. பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, ஒவ்வொரு அளவிலும் சில தோட்டா செஞ்சு, சுட்டுப் பார்க்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு ரவுண்டு சுட்டு, பேப்பரில் அவை ஏணி மாதிரி ஏறுவதைப் பார்க்கிறது 'லேடர் டெஸ்ட்'. கிரெய்ட்டன் ஆடெட் என்ற அமெரிக்கரின் பேரோடு சேர்த்துச் சொல்வாங்க. அதே வழியில் படிக்கு மூணு ரவுண்டு சுட்டு, எந்தக் குரூப் சின்னதோ அதுவே என் ரைஃபிளின் ராசியான அளவு என்று முடிவு கட்டுறவங்க எக்கச்சக்கம்.

படிக்கிறப்போ எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. அப்புறம் ரூம்மேட்டின் எறும்புக் கேள்வி குறுக்கே வந்துச்சு. ராத்திரி லேப்டாப்பைத் திறந்து ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். பத்து பவுடர் அளவு, ஒவ்வொன்றுக்கும் மூணு ரவுண்டு. ஆனால் பத்துக்கும் ஒரே சிதறலை வெச்சேன். அதாவது, பத்தும் பேருக்குத்தான் பத்து. அசலில் ஒண்ணே ஒண்ணு. ரன் பண்ணினால்... ஒரு குரூப் குட்டியூண்டு, இன்னொரு குரூப் அதைப்போல மூணு மடங்கு! திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு அளவு 'ஆஹா, நான்தான்!' என்று ஜெயிக்குது. தடவைக்குத் தடவை ஜெயிக்கிற ஆள் மட்டும் மாறிட்டே இருக்கு. நிஜத்தில் சுடுறவர் ஒரு தடவைதானே சுடுவார்? ஜெயிச்ச அளவை நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, அடுத்த ரெண்டு வருஷம் அதையே கட்டிக்கிட்டு அழுவார்.

இன்னொண்ணும் கவனிச்சேன். குரூப் என்பது இருக்கிறதிலேயே ரொம்பத் தள்ளி விழுந்த ரெண்டு ஓட்டைக்கு நடுவில் உள்ள தூரம். சுடச் சுட அது விரியத்தான் முடியும். சுருங்க வழியே கிடையாது. மூணு ரவுண்டு குரூப் சராசரியா ஒரு அங்குலம் வருகிற ரைஃபிள், அஞ்சு ரவுண்டுக்குச் சுமார் 1.27 அங்குலம் காட்டும். பத்து ரவுண்டுக்கு 1.58. இருபதுக்கு 1.84. ரைஃபிள் மாறலை, தோட்டா மாறலை, நாம எண்ணிக்கையை மாத்தினோம், அவ்வளவுதான். 'என் ரைஃபிள் அரை அங்குலம்டா' என்று யாராவது பீத்திக்கிட்டால், எத்தனை ரவுண்டில் என்று ஒரு வார்த்தை கேளுங்க. இதனாலேயே ஓரத்து ரெண்டை விட்டுட்டு, நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு ஓட்டையும் எவ்வளவு தள்ளி இருக்குன்னு அளந்து சராசரி எடுக்கிற வழியும் இருக்கு. அதில் சுட்ட எல்லா ரவுண்டும் சாட்சி சொல்லும்.

வேகத்தை அளக்கிறவங்க கதையும் இதேதான். அஞ்சு ரவுண்டின் வேகத்தை அளந்து, ஸ்டாண்டர்டு டீவியேஷன் விநாடிக்கு 10 அடி என்று வந்ததாக வெச்சுக்குவோம். நம்ம ப்ராபபிலிட்டி பேப்பரில் கை-ஸ்கொயர் டேபிள்னு ஒண்ணு வருமே, பரீட்சை ஹாலில் மட்டும் பார்ப்போமே, அதை எடுத்துப் போட்டுப் பாருங்க. 95 சதவிகித நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது, நிஜ விடை 6-க்கும் 29-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கு என்பது மட்டும்தான். ஆறு என்றால் உலகத்தரம். 29 என்றால் மட்டம். அஞ்சு ரவுண்டு வெச்சுக்கிட்டு ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது!

சின்ன சாம்பிளின் இந்தத் தலைவலியை முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர், டப்ளினில் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். 1908-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் சொந்தப் பேரைப் போடக்கூடாது என்று கம்பெனி ரூல். அதனால் அவர் வெச்சுக்கிட்ட புனைபேர் 'ஸ்டூடன்ட்'. நாம மனப்பாடம் பண்ணுகிற டி-டெஸ்ட்டின் சொந்தக்காரர் இவர்தான். பேருக்காகவாவது நாம இவரைக் கொண்டாடணும்!

'அந்த ஒண்ணை விட்டுடுங்க'

படிச்சதிலேயே எனக்கு ரொம்பச் சிரிப்பு வந்த இடம் 'ஃப்ளையர்'. நாலு ஓட்டை ஒண்ணா விழுந்து, ஒண்ணு மட்டும் தனியாப் போனால், அதுக்கு அவங்க வெச்ச பேர். 'அது நான் இழுத்துட்டேன், கணக்கில் சேராது' என்று நாலை மட்டும் அளப்பாங்க. சில சமயம் நிஜமாகவே கை ஆடியிருக்கலாம். ஆனால் நல்லா விழுந்த ரவுண்டை யாராவது 'ஐயோ, இது தப்பா நல்லா விழுந்துடுச்சு' என்று நீக்கினதாக நான் எங்கேயும் படிக்கலை.

சிரிச்சு முடிச்சப்புறம் கொஞ்சம் குறுகுறுத்துச்சு. நம்ம லேப் ரெக்கார்டு என்ன யோக்கியம்? மூணு ரீடிங்கில் ஒண்ணு வழிக்கு வராமல் நின்னால், 'அதை அடிச்சுட்டு வேற எழுதுடா, கிராஃப் ஸ்ட்ரெய்ட்டா வரணும்' என்று சொல்லாத பேட்ச் உண்டா? நானும் எழுதியிருக்கேன். ஃபுல் மார்க்கும் வாங்கியிருக்கேன்.

நிறைய சுட்டா போச்சு, அதுக்கென்ன என்று தோணும். அங்கேதான் இந்த விளையாட்டின் நிஜமான வேதனை. ஒவ்வொரு ரவுண்டிலும் சூடும் அழுத்தமும் பேரலின் உட்புறத்தைத் தின்னுது. வேகமான டார்கெட் தோட்டாக்களுக்குச் சில ஆயிரம் ரவுண்டிலேயே பேரல் துல்லியத்தை இழந்துடும். முப்பது முப்பதாகப் பத்து அளவைச் சோதிச்சால் 300 ரவுண்டு காலி. புல்லட்டின் ஆழத்துக்கு இன்னொரு 300. சரியான அளவைக் கண்டுபிடிச்சு முடிக்கும்போது பேரலின் ஆயுளில் நல்ல பங்கு கரைஞ்சிருக்கும். கொஞ்சமாகச் சுட்டால் உண்மை தெரியாது. நிறைய சுட்டால் உண்மை தெரியும், ரைஃபிள் மிஞ்சாது. மூணு ரவுண்டோடு நிறுத்துறவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

2020-களில் அங்கே இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்துச்சு. பிரையன் லிட்ஸ் என்ற ஏரோஸ்பேஸ் இன்ஜினீயர் நிறைய சுட்டு அளந்து புத்தகமாகவே போட்டார். ஹார்னடி என்ற தோட்டா கம்பெனியின் ஆட்களும் மூணு, அஞ்சு ரவுண்டு குரூப்பெல்லாம் போதாது என்று வெளிப்படையாகப் பேசினாங்க. 'அப்போ நாப்பது வருஷமா நான் ஜெயிச்சது?' என்று பழைய ஆட்களுக்குக் கோபம். அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கு. எப்படின்னு சொல்றேன்.

ஜெயிக்கிறவங்க நிறுக்கிறதே இல்லை!

ரைஃபிளை மேஜை மேல் மணல் பைகளில் தாங்க வெச்சுச் சுடுகிற போட்டிக்கு 'பெஞ்ச்ரெஸ்ட்' என்று பேர். உலகத்திலேயே சின்னக் குரூப்புகள் விழுகிற இடம் அது. இதில் 100, 200 கஜப் போட்டிகளில் பல வருஷமா கோலோச்சுகிற தோட்டா 6 மில்லிமீட்டர் பி.பி.சி. 1975-ல் உருவானது. லூயி பால்மிசானோ என்ற அறுவை சிகிச்சை டாக்டரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற மெஷினிஸ்ட்டும், ஒரு ரஷ்யத் தோட்டாவின் கூட்டை எடுத்துக் குட்டையாகவும் குண்டாகவும் மாத்தி உருவாக்கினது. டாக்டரும் லேத் பட்டறைக்காரரும் சேர்ந்தால் என்ன வேணா நடக்கும் போல!

இந்தச் சூரர்கள் பவுடரை மணி மணியாக நிறுப்பாங்கன்னுதானே நினைப்பீங்க? அதுதான் இல்லை. பெரும்பாலானவங்க ரேஞ்சிலேயே உட்கார்ந்து, கைப்பிடி வெச்ச அளவுக் கருவியில் ஒரு சுத்து சுத்தி, கூட்டில் கொட்டிட்டுப் போயிட்டே இருப்பாங்க. ரேஷன் கடையில் படியால் அளக்கிற மாதிரி! சுட்ட அதே பத்து இருபது கூடுகளை மேட்ச்சுக்கு மேட்ச் அங்கேயே நிரப்பி மறுபடி சுடுவாங்க. அவங்க கவனமெல்லாம் நல்ல பேரல், நல்ல புல்லட், அப்புறம் காத்தைக் காட்டுகிற கொடிகள் மேலே. அந்தத் தூரத்துக்கு எது முக்கியம், எது இல்லை என்று பிரிச்சு வெச்சிருக்காங்க.

அந்தப் போட்டியின் விதியிலேயே ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒளிஞ்சிருக்கு. ஒரு அதிர்ஷ்டக் குரூப்பை வெச்சு அங்கே சாம்பியன் பட்டம் கிடைக்காது. அஞ்சு ரவுண்டு வீதம் அஞ்சு குரூப் சுட்டு, சராசரி எடுக்கணும். 25 ரவுண்டும் கணக்கில் வரும், எறும்பு கடிச்ச ரவுண்டு உட்பட! 100 கஜத்தில் 0.2 அங்குலத்துக்கு அக்கம்பக்கம் சராசரி இருந்தாலே நீங்க பெரிய ஆள். ஒற்றைக் குரூப் சாதனை தனிக் கதை. 1973-ல் மேக் மெக்மில்லன் சுட்ட அஞ்சு ரவுண்டு 0.009 அங்குலம், 40 வருஷம் நின்ன அந்தச் சாதனையை 2013-ல் மைக் ஸ்டின்னெட் 0.0077 என்று முறியடிச்சார். ரெண்டு ஏ4 தாளின் தடிமன்தான்! அசகாய சூரர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் சாதனைக்கும் சராசரிக்கும் நடுவில் இருபது மடங்குக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில் திறமைக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷமா சுட்ட இத்தனை ஆயிரம் குரூப்புகளின் அதிர்ஷ்டமும் உட்கார்ந்திருக்கு.

காத்தையே ஒழிச்சுட்டால்? அதையும் பண்ணிப் பார்த்திருக்காங்க. ஹூஸ்டன் நகரில் 325 கஜ நீளத்துக்கு ஒரு கிடங்கு. அதில் வேலை நேரம் முடிஞ்சு ராத்திரியில் சில பெஞ்ச்ரெஸ்ட் ஆட்கள் கூடுவாங்களாம். காத்து இல்லை, வெயில் இல்லை, கானல் இல்லை. அவங்களில் முக்கியமானவர் வர்ஜில் கிங். அங்கே நல்ல ரைஃபிள்கள் 0.025 அங்குலத்துக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்பச் சுட்டதாக 1993-ல் டேவ் ஸ்காட் எழுதின கட்டுரை அந்த வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். அந்தக் கிடங்கின் ஒரு மூலையில் நின்னு ஒரு ராத்திரி வேடிக்கை பார்த்திருக்கணும்னு எனக்கு இன்னிக்கும் ஆசை.

நம்ம பாயின்ட் டூ டூ

நம்ம கேம்ப் தோட்டாவுக்கு இந்த வைத்தியமெல்லாம் நடக்காது. அதில் தனி ப்ரைமர் கிடையாது. தீப்பொறி மருந்து கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே பூசியிருக்கும். கையால் திரும்ப நிரப்ப வழி இல்லை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அந்த 50 மீட்டர் ரைஃபிள் போட்டி இதே வகைத் தோட்டாவில்தான். அங்கே பத்து பாயின்ட் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்.

தயாரிக்க முடியாவிட்டாலும் தேர்ந்தெடுக்கலாமே! ஒரே கம்பெனி, ஒரே பிராண்ட், ஒரே மெஷின் என்றாலும் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். அதனால் பெரிய வீரர்கள் ரைஃபிளைத் தூக்கிக்கிட்டு, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கத்தில் இருக்கிற எலி, ஜெர்மனியின் ஷோனபெக்கில் இருக்கிற லபுவா மாதிரி கம்பெனிகளின் டெஸ்ட் ரேஞ்சுக்கே போறாங்க. ரைஃபிளை இரும்புப் பிடியில் இறுக்கி, ஒவ்வொரு லாட்டிலும் குரூப் குரூப்பாகச் சுட்டு, எது தன் பேரலுக்கு ஒத்துப்போகுதோ அதை மொத்தமாக வாங்கிட்டு வருவாங்க. மனுஷக் கை, மூச்சு, எறும்பு எதுவுமே குறுக்கே வராத சோதனை!

இத்தனையும் படிச்ச கையோடு நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம், என் சொந்த ப்ராஜெக்ட்டைத் திரும்பிப் பார்த்தது. எங்க டீம் வேலை, 3டி பிரின்டரில் அச்சடிச்ச பிளாஸ்டிக் துண்டுகளை யு.டி.எம் மெஷினில் இழுத்து உடைக்கிறது. உள்ளே நிரப்புகிற டிசைனை மாத்தினால் எது அதிக பலம் தாங்கும்? அஞ்சு டிசைன், ஒவ்வொன்றுக்கும் மூணு துண்டு. போன ரிவ்யூவில் மூணாவது டிசைன் மலை மாதிரி உயர்ந்து நின்ன கிராஃபைக் காட்டிக் கைத்தட்டு வாங்கினோம். மூணாவதில் ஒரு துண்டு பாதியிலேயே உடைஞ்சு, 'அது சரியா கிளாம்ப் ஆகலை' என்று அதை விட்டுட்டு இன்னொண்ணு அச்சடிச்சோம் என்பதை ரிப்போர்ட்டில் எழுதலை.

இப்போ அஞ்சு டிசைனுக்கும் பத்துப் பத்து துண்டு என்று முடிவு. ஒரு துண்டு அச்சாக ஒரு மணி நேரம். உடைக்க ஒரு நிமிஷம். ராத்திரி லேப் சாவியை வாங்கிக்கிட்டு பிரின்டர் பக்கத்தில் படுத்துக்கிடக்கிறது ரூம்மேட்டும் நானும். இதுவரை 31 உடைச்சாச்சு. மூணாவது டிசைனின் மலை கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சு, இப்போ பக்கத்து டிசைன்களுக்குத் தோள் உயரத்துக்கு வந்திருக்கு. கைடு சார்கிட்ட இன்னும் சொல்லலை. மீதி 19 இருக்கு, அடுத்த வியாழக்கிழமை ரிவ்யூ.